வெந்து சிவந்த பலகைகள்

பீச் என்ற காட்டு மரத்தில் செய்த கரண்டிக்கு வாசமும் கிடையாது, ருசியும் கிடையாது. எங்கள் பள்ளத்தாக்கில் சமையலறைச் சாமான்களை அந்த மரத்தில் செய்வது அதனால்தான். பைன் கரண்டியால் கஞ்சி கிண்டினால் கஞ்சியில் பிசின் அடிக்கும். ஓக் கரண்டி துவர்க்கும். பீச் தன்னைப் பற்றி எதுவும் சொல்லாது.

உங்கள் காவல் நிலையத்து மேசையும் பீச்தான், தோழர். உட்கார்ந்ததுமே பார்த்துவிட்டேன். ரொட்டியின் மேல் சீரகம் தூவியது போல இந்தச் சின்னச் சின்னப் பழுப்புக் கீற்றுகள் வேறு மரத்தில் இப்படி வராது. ஆனால் இது வேகவைக்காத மரம். வெளுப்பாக இருக்கிறது பாருங்கள். மேல்பலகை இந்த ஓரத்தில் தூக்கிக்கொண்டிருப்பதும் அதனால்தான். மழைக்காலத்தில் இழுப்பறை திறக்க வராமல் மல்லுக்கட்டும், குளிருக்கு அடுப்பு போட்ட பிறகு தானாகச் சரியாகும். எங்கள் ஆலைக்கு வந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது.

என் பெயர் இசிடோர் என்பதும், ஸ்னெஷ்னிக் மலையடிவாரத்து மர ஆலையில் நீராவி அறைகளைப் பார்த்துக்கொள்பவன் என்பதும் உங்களுக்குத் தெரியும். போன நவம்பரில் என் மருமகன் ஆல்பின் எப்படிச் செத்தான் என்பதும் தெரியும். உங்களுக்குத் தெரிந்தது சரியில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன். சுருக்கமாகச் சொல் என்றீர்கள். மரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பீச் உறுதியான மரம், ஆனால் அமைதியில்லாத மரம். சரிவில் வளர்ந்த மரமென்றால் உயிரோடு இருக்கும்வரை மலைக்கு எதிராக முறுக்கிக்கொண்டே நிற்கும். அறுக்கும்போது அந்த முறுக்கு வெளியே வரும். ரம்பத்தின் பல்லை விட்டு விலகும் முன்பே பலகை வில்லாக வளைவதை நான் பார்த்திருக்கிறேன். அதை அப்படியே உலர்த்தினால் பிளக்கும். வெளியில் போட்டால் இரண்டு மழையில் உள்ளுக்குள் உளுத்துப்போகும், மேலே ஒன்றுமே தெரியாது. அதனால் பச்சையாக இருக்கும்போதே வேகவைக்கிறோம். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் குச்சி வைத்து வண்டியில் அடுக்கி, தண்டவாளத்தில் தள்ளி அறைக்குள் விட்டு, இரும்புக் கதவைச் சாத்தித் திருகி, ஈர நீராவியைத் திறந்துவிடுவோம். இரண்டு மூன்று நாள் கழித்து வெளியே வரும்போது பலகை இளஞ்சிவப்பாக இருக்கும். கூடவே முறுக்கும் போயிருக்கும். அதற்குப் பிறகு அதை எங்கே வைத்தாலும் வைத்த இடத்தில் கிடக்கும். எனக்கு அந்த வேலையில் பிடித்ததே அதுதான்.

நான் கோபக்காரன் இல்லை. ஆலையில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். என் மனைவி ரோஸாலியா நெஞ்சுச்சளியில் போனபோது மகள் யுஸ்தீனாவுக்குப் பள்ளிக்கூட வயதுகூட ஆகவில்லை. மறுபடி கல்யாணம் செய்துகொள்ளச் சொன்னார்கள். தேவைப்படவில்லை. நான் சமைத்தேன், அவள் தலையைப் பின்னிவிட்டேன், பாவாடைக்கு ஓரம் அடிக்கவும் கற்றுக்கொண்டேன். அவள் வளர்ந்து ஆல்பினைக் கொண்டுவந்து நிறுத்தினபோதும் நான் ஒரு வார்த்தை தடை சொல்லவில்லை. நம் வீட்டிலேயே இருக்கலாமே என்று மட்டும் சொன்னேன். அவன் ஒத்துக்கொண்டான்.

நல்ல பையன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவனைப் பற்றித் தப்பாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமே இல்லை. ப்ளோகே மேட்டுநிலத்துக்காரன். ஒல்லி, உயரம், சிரித்த முகம். காட்டில் மரம் வெட்டிக்கொண்டிருந்தவனை நான்தான் நீராவி அறைக்கு எடுத்துக்கொண்டேன். பீச் காய் நிறையக் காய்த்த அந்த இலையுதிர்காலத்தில் அதைத் தின்னும் மரத்தெலிகள், அணில் மாதிரி வாலுள்ளவை, கொழுத்துக் கிடந்தன. சனிக்கிழமை தவறாமல் பொறி வைக்க என்னையும் இழுத்துக்கொண்டு போவான். பிடித்ததை அவனே தோலுரித்து, உருளைக்கிழங்கு போட்டுக் குழம்பு வைத்து, எனக்குத்தான் முதலில் பரிமாறுவான். அந்தத் தோலில் எனக்கு ஒரு தொப்பியும் தைத்தான். இதோ, மடியில் வைத்திருக்கிறேனே, அதுதான்.

கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் சிரிலிடம் என்னைக் கேலி பேசுவான். "எங்க மாமா கதவையும் சாத்துவாரு, வாயையும் சாத்துவாரு. ரெண்டும் லேசுல திறக்காது" என்பான். சிரில் சிரிப்பான். நானும் சிரிப்பேன்.

எல்லோரும் வேலைக்கு ஜெர்மனிக்குப் போகும் வருஷங்கள் இவை. அரசாங்கமே கதவைத் திறந்துவிட்டது, உங்களுக்குத் தெரியாததா. ஆல்பினின் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவன் அங்கே மேசை நாற்காலி செய்யும் ஆலையில் இருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து சூப் ஊற்றிக்கொண்டிருந்தபோது ஆல்பின் சொன்னான்.

"மாமா, பாஸ்போர்ட் வந்துடுச்சு. எனக்கும் வந்துடுச்சு, அவளுக்கும் வந்துடுச்சு."

சூப் ஆறுகிறது என்றேன்.

"ரெண்டே வருஷம்தாம்பா" என்றாள் யுஸ்தீனா. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

என் அண்ணனும் அதையேதான் சொன்னான், அமெரிக்காவில் க்ளீவ்லண்டுக்குப் போனபோது. போனவன் போட்டோ அனுப்பினான். முதல் போட்டோவில் ஒல்லியாக இருந்தான், கடைசிப் போட்டோவில் வழுக்கையாக இருந்தான், நடுவில் ஒருமுறைகூட வரவில்லை. போகிறவர்கள் பொய் சொல்வதில்லை. திரும்பி வரத்தான் நினைக்கிறார்கள். அதனால்தான் அவர்களை நம்ப முடியாது.

ஆல்பின் என்னையும் கூப்பிட்டான். இதை நான் மறைக்கக் கூடாது. "நீங்களும் வாங்களேன் மாமா. அங்க என்ன பீச் மரம் இல்லையா? அங்கயும் இதையேதான் வேகவெக்கிறாங்களாம்" என்றான். மனதாரத்தான் கூப்பிட்டான். அறைகளை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டேன். வேறு ஆளா கிடைக்காது என்றான். அவன் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்கும் வருத்தமில்லை. ஆனால் வேறு ஆள் கிடைப்பது அவ்வளவு சுலபமில்லை. கதவை எப்போது திறக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியாது. அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்காற்று பட்டு ஒரு வண்டிச் சரக்கும் வெடித்துவிடும்.

அவனுக்கு அதுதான் ஆலையில் கடைசி வாரம். மூடுபனி, முற்றத்தில் நின்றால் ரம்பப் பட்டறை தெரியவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டாம் அறைக்கு ஒரு வண்டி ஏற்றினோம். தடித்த பலகைகள், நல்ல சரக்கு. வண்டியை உள்ளே தள்ளி முடித்ததும் ஆல்பின் குனிந்து பார்த்தான். பின்பக்கம் குச்சிகள் சரிந்து, பலகை பலகையோடு ஒட்டிக் கிடக்கிறது என்றான். ஒட்டிக் கிடந்தால் அந்த இடத்தில் நிறம் ஏறாது, கறை விழும். என்னால் அந்தச் சந்தில் நுழைய முடியாது. அவன் ஒல்லி. சுவருக்கும் அடுக்குக்கும் நடுவில் பக்கவாட்டில் நடந்து பின்னால் போனான். அவன் சட்டை பலகையில் உரசும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

கதவைச் சாத்தும் முன் உள்ளே குரல் கொடுக்க வேண்டும் என்பது விதி. நான் கொடுத்தேன். விசாரணைக்கு வந்த குழுவிடமும் அதைச் சொன்னேன். குரல் கொடுத்தாயா என்று கேட்டார்கள். கொடுத்தேன் என்றேன். உள்ளே யாராவது கண்ணில் பட்டார்களா என்று கேட்டார்கள். படவில்லை என்றேன். அடுக்குக்குப் பின்னால் நிற்பவனை வாசலிலிருந்து பார்க்க முடியாது. கேட்டதற்கெல்லாம் உண்மையான பதில்தான் சொன்னேன்.

கதவைச் சாத்தினேன். திருகிகளை வரிசையாக இறுக்கினேன். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் சிரிலுக்கு மணி அடித்தேன். அவன் நீராவியைத் திறந்தான்.

இதை நான் திட்டமிடவில்லை. காலையில் எழுந்தபோது இப்படி ஒரு எண்ணம் இல்லவே இல்லை. கதவு திறந்திருந்தது. சாத்த வேண்டிய நேரம். சாத்துவது என் வேலை.

கொஞ்ச நேரத்தில் சிரில் வந்து வாசலில் நின்றான். கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"இசிடோர், ரெண்டாவது அறையில ஏதோ தட்டுதே."

"பீச்சுப்பா. சூடு ஏறினா தட்டத்தான் செய்யும்."

"நானும் இத்தனை வருஷமா கேக்குறேன். இப்பிடித் தட்டினதில்லையே."

"இது செங்குத்துச் சரிவுல வளந்த சரக்கு."

அவன் கதவைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். ஆல்பின் எங்கே என்று கேட்டான். பேப்பர் வேலை இருப்பதாகச் சொல்லி முன்னாலேயே கிளம்பிவிட்டான் என்றேன். சிரில் இன்னும் கொஞ்சம் நின்றான். அடுப்பில் விறகு போட வேண்டும் என்று அவனாகவே சொல்லிக்கொண்டு போய்விட்டான். அவன் மேல் எந்தத் தப்பும் இல்லை. என்னை நம்புவது அவன் வழக்கம்.

மரம் தட்டும் என்று நான் சொன்னது பொய்யில்லை. சூடு ஏறும்போது பீச் தட்டும், வெடுக்கென்று ஒன்று, எங்கோ தள்ளி இன்னொன்று, ஒழுங்கே இல்லாமல். அன்றைக்குக் கேட்டது அப்படி இல்லை. மூன்று தட்டு, ஒரு இடைவெளி. மறுபடி மூன்று தட்டு. கல்யாணத்துக்கு முன்பு யுஸ்தீனாவைப் பார்க்க வரும்போது எங்கள் வீட்டு வாசலில் அவன் அப்படித்தான் தட்டுவான். உள்ளே வரலாமா என்று கேட்பது போல, மரியாதையாக. முதலில் அப்படித்தான் தட்டினான். கடைசிவரை அப்படித் தட்டினான் என்று சொல்ல மாட்டேன்.

அறை வாசலில் வடிகால் ஒன்று உண்டு. மரத்திலிருந்து வடியும் பழுப்புத் தண்ணீர் அதில் ஓடும், புளித்த வாடை அடிக்கும். தண்ணீர் சீராக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, வழக்கமான நேரத்துக்கு வீட்டுக்குப் போனேன்.

யுஸ்தீனா புளித்த டர்னிப் கிழங்கும் அவரையும் போட்ட குழம்பு வைத்திருந்தாள். மூன்று தட்டு வைத்திருந்தாள். அவர் எங்கே என்று கேட்டாள். எனக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டானே என்றேன். சாப்பிட்டேன். உங்கள் முகத்தைப் பார்த்தால் தெரிகிறது, எப்படிச் சாப்பிட முடிந்தது என்று கேட்கத் தோன்றுகிறது. பசித்தது.

மறுநாள் அவள் போஸ்டோய்னா டவுன் வரைக்கும் போய் விசாரித்துவிட்டு வந்தாள். கால் முழுக்கச் சேறு. அவனுடைய ஒன்றுவிட்ட அண்ணன் அவசரமாகக் கூப்பிட்டிருப்பானோ என்னவோ, இவன் முன்னால் ரயில் ஏறிவிட்டானோ என்னவோ என்று சொன்னேன். சமாதானத்துக்குத்தான் சொன்னேன். அவள் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். கழற்றிய செருப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"விட்டுட்டுப் போக மாட்டாருப்பா. எனக்கு நாள் தள்ளிப் போயிருக்கு. அது அவருக்குத் தெரியும்."

எனக்கு அது தெரியாது. என்னிடம் சொல்லவில்லை. ஜெர்மனி போய்ச் சேர்ந்த பிறகு கடிதத்தில் சொல்லலாம் என்று இருந்தார்களாம். முன்பே தெரிந்திருந்தால் நான் வேறு மாதிரி நடந்திருப்பேனா என்று பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். நேர்மையாகவே யோசித்தேன். இல்லை. முன்பு ஒருத்தி போவதாக இருந்தது. இப்போது குழந்தையும் அல்லவா சேர்ந்து போயிருக்கும்.

கதவை முன்கூட்டியே திறக்கவில்லை. திறப்பதில் அர்த்தமில்லை. உரிய நேரத்தில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்த் திறந்தேன். வண்டியை இழுத்தோம். வண்டி வந்தது. அதற்குப் பின்னால் இருந்ததை நான் சொல்லப்போவதில்லை, அது உங்கள் டாக்டரின் அறிக்கையில் இருக்கும். எல்லோரும் முற்றத்துக்கு ஓடிவிட்டார்கள். நான் வண்டி பக்கத்திலேயே நின்றேன். அத்தனை வருஷத்தில் அவ்வளவு சீராகச் சிவந்த சரக்கை நான் பார்த்ததில்லை. ஒரு கறை இல்லை. குச்சிகளை அவன் சரியாகவே வைத்திருந்தான்.

விபத்து என்று முடிவானது. கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி இல்லாதது ஆலையின் குறை என்று எழுதினார்கள். உடனே எல்லா அறைகளுக்கும் உள்பக்கம் கைப்பிடி வைத்துச் சிவப்புப் பெயிண்ட் அடித்தார்கள். நல்ல ஏற்பாடு. அவற்றுக்கு நான்தான் எண்ணெய் போட்டு வருகிறேன். சிரில் மட்டும் கொதிகலனை விட்டு வாசல் காவலுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டான். காலையில் நான் வணக்கம் சொன்னால் நுழைவுச் சீட்டைப் பார்ப்பது போலக் குனிந்துகொள்கிறான்.

யுஸ்தீனா ஜெர்மனி பேச்சையே எடுக்கவில்லை. வீட்டில் இருந்தாள். சமைத்தாள். அடுப்படியில் என் எதிரே உட்கார்ந்து பின்னினாள். அவளுக்கு வேண்டியதெல்லாம் நான் செய்தேன். நல்ல குளிர்காலம் அது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அந்த வண்டிச் சரக்கை யாரும் தொட மாட்டேன் என்றார்கள். மேலாளர் எரித்துவிடச் சொன்னார். அப்படிப்பட்ட மரத்தை எரிப்பது பாவம். கொஞ்சம் நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். துக்கத்தில் கேட்கிறான் என்று நினைத்துக்கொண்டு கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து உலர்த்தி, வசந்தம் வருவதற்குள் ஒரு தொட்டில் செய்தேன். குழந்தைச் சாமானுக்குப் பீச்தான் சரி. சிம்பு எழும்பாது, வாயில் வைத்துக் கடித்தாலும் கெடுதல் இல்லை. ஓரங்களை எல்லாம் உருட்டி இழைத்தேன். தலைமாட்டில் ஒரு மரத்தெலி செதுக்கினேன். யுஸ்தீனா தொட்டுப் பார்த்துவிட்டு, வெல்வெட் மாதிரி இருக்கிறது என்றாள். அந்த மரம் எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்கவில்லை.

ஜூனில் பையன் பிறந்தான். அவன் அப்பன் மாதிரியே நீளமான விரல்கள்.

தொட்டிலில் போட்ட முதல் வாரமே அது தட்டியது.

வேகவைத்த பீச்சுக்கும் கொஞ்சம் அசைவு உண்டு. பகலில் வெயில், சாயங்காலம் ஈரம், மரம் சுருங்கும் விரியும், சந்துகளில் சத்தம் வரும். அதை நான் யுஸ்தீனாவுக்கு விளக்கினேன். அவள் தலையாட்டினாள். ஆனால் நான் விளக்கியது வேறு சத்தத்தை. தொட்டிலில் கேட்டது மூன்று தட்டு, ஒரு இடைவெளி. பட்டப்பகலில், குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும்போது, நான் எதிரே உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கும்போது கேட்டது. எழுந்து போய்க் கையை வைத்தேன். பலகை வெதுவெதுப்பாக இருந்தது. குழந்தையின் சூடாக இருக்கும். தச்சு மூட்டுகளைக் கழற்றி மறுபடி பசை வைத்துப் பூட்டினேன். அடிப்பலகையை மாற்றினேன். பிறகு சாப்பாட்டு மேசையில் கேட்டது. அந்த மேசை என் அப்பா காலத்தது, அதற்கும் அந்தச் சரக்குக்கும் சம்பந்தமே இல்லை. ரொட்டி அறுக்கும் பலகையில் கேட்டது. எங்கள் வீட்டில் எல்லாம் பீச்தான், தோழர். காது வைத்தால் தப்பிக்க இடமில்லை. கடைசியில் கரண்டிகூட. கஞ்சியை வாயில் வைத்தால் அந்த வடிகால் தண்ணீரின் புளிப்பு. அந்த மரத்துக்குத்தான் ருசியே கிடையாதே.

ஒருநாள் யுஸ்தீனா தொட்டிலிலிருந்து குழந்தையை எடுத்துத் தன் கட்டிலில் போட்டுக்கொண்டாள்.

"ஏம்மா?"

"அதுல யாரோ இருக்கற மாதிரி இருக்குப்பா."

அதற்குப் பிறகு தொட்டில் மாடியறையில் கிடக்கிறது.

ஆகஸ்டில் ஆல்பினின் ஒன்றுவிட்ட அண்ணன் ஜெர்மனியிலிருந்து வந்துவிட்டுப் போனான். அங்கே மரப்பொம்மை செய்யும் இடத்தில் இவளுக்கு வேலை பேசியிருக்கிறானாம். குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் ஏற்பாடு இருக்கிறதாம். அவள் பாஸ்போர்ட் பெட்டியிலேயே பத்திரமாக இருந்தது. குழந்தையின் பெயரைச் சேர்க்க வேண்டியதுதான் பாக்கி. இதெல்லாம் எனக்குத் தெரியாமலே நடந்தது. எனக்கு ஏன் மறைத்தாள் என்று இன்றுவரை விளங்கவில்லை.

போன வாரம் அவள் ஆலைக்கு வந்தாள். இடுப்பில் குழந்தை, கையில் எனக்கு மதியச் சாப்பாடு. அதற்கு முன் அவள் அங்கே வந்ததே இல்லை. இரண்டாம் அறை காலியாகத் திறந்து கிடந்தது. அதுவா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சாப்பாட்டுத் தூக்கை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே நடந்தாள். கடைசிச் சுவர் வரைக்கும் போனாள். சிமெண்டுச் சுவரைத் தடவிப் பார்த்தாள். குழந்தை எதையோ பார்த்துச் சிரித்தது, அந்தச் சிரிப்பு உள்ளே எதிரொலித்தது. நான் வெளியே நின்றுகொண்டிருந்தேன். தூக்கைக் கீழே வைத்திருக்கிறேன். எப்போது வைத்தேன் என்று ஞாபகமில்லை. மனதில் எந்த நினைப்பும் இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். நிம்மதியாக இருந்தது. பல மாதங்களுக்குப் பிறகு அந்தத் தட்டல் எங்குமே கேட்கவில்லை.

அவள் திரும்பினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்தாள்.

"அப்பா, கையை எடு."

அப்போதுதான் கவனித்தேன், என் கை கதவின் மேல் இருந்தது. கதவும் பாதி வந்திருந்தது. எடுத்தேன். அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டு, சுவர் ஓரமாக, என்னை உரசாமல் வெளியே வந்தாள். முற்றத்தில் வெயிலில் போய் நின்ற பிறகுதான் பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"அன்னிக்கு நீ குரல் குடுத்தப்போ அவரு பதில் சொன்னாரா?"

யாரும் கேட்காத கேள்வி, தோழர். குழுவில் வந்த அத்தனை பேரும் நான் குரல் கொடுத்தேனா என்றுதான் கேட்டார்கள். பதில் வந்ததா என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன்.

கதவைச் சுற்றியிருக்கும் கம்பளிப் பட்டை நைந்துபோயிருக்கிறது, மாற்ற வேண்டும் என்றேன். அவள் போய்விட்டாள். சாப்பாட்டுத் தூக்கை எடுக்கவில்லை. அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனபோது அவளும் குழந்தையும் இல்லை. பக்கத்து ஊரில் சிரிலின் வீட்டில் இருக்கிறாள் என்று தெரிந்தது. அவன் பெண்டாட்டி வாசலுக்கு வந்து, வியாழக்கிழமை ராகேக் ஸ்டேஷனில் ஜெர்மனிக்கு ரயில் ஏறப்போகிறாள், அதுவரை வந்து தொந்தரவு செய்யாதீர்கள் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆகவே இன்று காலை முகம் மழித்து, நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு இங்கே வந்தேன். யாரும் என்னை அனுப்பவில்லை. இத்தனை நாள் கழித்து ஏன் என்று கேட்டீர்கள். மனசாட்சி என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தட்டலோடு இனி என்னால் இருக்க முடியாது. மனிதன் ஒருநாள் உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எழுதுகிறவரைக் கொஞ்சம் நிதானமாக எழுதச் சொல்லுங்கள், இதுதான் முக்கியம். ஆல்பின் உள்ளே இருந்தது எனக்குத் தெரியும். நான்தான் அவனை உள்ளே விட்டேன். நான் குரல் கொடுத்தேன், யாராவது இருக்கீங்களா என்று. அவன் பதில் சொன்னான். பின்னாலிருந்து, தெளிவாக, சிரித்த குரலில் சொன்னான்: "இருக்கேன் மாமா, ஒரு நிமிஷம்." அதைக் கேட்ட பிறகுதான் சாத்தினேன்.

கையெழுத்து எங்கே போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இப்போது இது கொலை வழக்கு. யுஸ்தீனா முக்கியமான சாட்சி. வழக்கு முடியும்வரை சாட்சிகள் நாட்டை விட்டுப் போக முடியாது, பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். இந்த மாதிரி வழக்கு வருஷக்கணக்கில் இழுக்கும் என்றும் சொன்னார்கள். வியாழக்கிழமைக்குள் சிரிலின் வீட்டுக்கு ஆள் அனுப்பிவிடுங்கள். அவள் கையில் குழந்தை இருக்கிறது, அதட்டிப் பேச வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். லூப்லியானா சிறையில் ஞாயிற்றுக்கிழமை மதியம் குடும்பத்தாரைப் பார்க்க விடுவார்களாம். அவள் பையனைக் கூட்டிக்கொண்டு வருவாள். என்னைத் தனியாக விட அவளுக்கு மனசு வராது.